கொத்துப் பிடித்து இங்கிலீஷ் வார்த்தை படிப்பது எப்படி: கோத்தகிரி டியூஷன் வீட்டு முறை

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பஸ் ஏறத் தெரியும். போர்டின் கடைசியில் "கிரி" எப்படி இருக்கும் என்று அப்பா ஒரு தீப்பெட்டி அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த இரண்டு எழுத்தை மனசில் வைத்துக்கொண்டு குன்னூரிலோ மேட்டுப்பாளையத்திலோ கோத்தகிரி வண்டியைச் சரியாகப் பிடித்துவிடுவார். பல வருஷம் ஒரு தப்பும் நடக்கவில்லை. ஒருநாள் கோயம்புத்தூரில் அதே "கிரி"யை நம்பிக் கிருஷ்ணகிரி வண்டியில் ஏறி, ஜன்னல் ஓரமாக இடமும் பிடித்து உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

இருபது வருஷமாகச் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். அதற்கு முன்னால் பதினொரு வருஷம் ஒரு தேயிலை பேக்டரியில் பச்சை இலை எடை போடும் இடத்தில் கணக்கு எழுதினேன். எனக்கு இங்கிலீஷ் கான்வென்ட் வழியாக வரவில்லை. உர மூட்டை, டின், லாரி முதுகு, மருந்துச் சீட்டு என்று கண்ணில் பட்டதைப் படித்துப் படித்துத்தான் வந்தது. அதனால் நான் சொல்லித் தருவதும் அம்மா பஸ் பிடித்த முறைதான். வார்த்தை முழுசாகத் தெரியாவிட்டால் அதற்குள் தெரிந்த எழுத்துக் கூட்டம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வகுப்பில் அதற்குப் பெயர் கொத்து. கிருஷ்ணகிரி வண்டியில் ஏறாமல் இருப்பது எப்படி என்பது இதில் பாதிப் பாடம்.

முதலில் தமிழில் செய்து பாருங்கள்

முதல் நாள் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறக்கவே விடமாட்டேன். "நீர்" என்று முடிகிற வார்த்தைகளைச் சொல்லச் சொல்வேன். தண்ணீர், கண்ணீர், வெந்நீர், இளநீர், பன்னீர் என்று வரும். ஒருவன் சிறுநீர் என்பான், எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் அவர்கள் அதிகம் கேட்டிராத ஒன்றைப் போடுவேன்: செந்நீர். கொஞ்ச நேரம் முழிப்பார்கள். "சிவப்பா இருக்கிற தண்ணி... ரத்தமா மிஸ்?" என்று ஒரு குரல் கேட்கும். அகராதியைத் தொடாமல் ஒரு புது வார்த்தையைப் பிடித்தாயிற்று.

உடனே அடுத்ததைப் போடுவேன்: பன்னீர் பட்டர் மசாலா. இந்தப் பன்னீர் பாரசீகத்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி. கல்யாண வாசலில் தெளிக்கிற பன்னீருக்கு இது எந்த வகையிலும் உறவில்லை. அதேபோல இருபது, இருவர், இருமுறை எல்லாவற்றிலும் "இரு" என்றால் இரண்டு. இருமலிலும் இரும்பிலும் அதே எழுத்துகள்தான் இருக்கின்றன. இரண்டு மல் சேர்ந்து இருமல் ஆகவில்லை. ஒரு கொத்து பல வார்த்தைகளில் ஒரே அர்த்தத்தோடு வரும், ஆனால் அதே முகத்தோடு ஒரு போலியும் கூடவே நிற்கும். இது தமிழில் புரிந்துவிட்டால் இங்கிலீஷில் பயம் பாதி போய்விடும்.

மூன்று வார்த்தை கிடைத்தால்தான் கொத்து

தெரியாத வார்த்தை ஒன்று எதிரே வந்தால், அதே எழுத்துக் கூட்டம் உள்ள தெரிந்த வார்த்தைகள் மூன்றைத் தேடுங்கள். இரண்டு போதாது. இரண்டு தற்செயலாகவும் அமைந்துவிடும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மூன்றுக்கும் பொதுவாக ஒரு வேலை ஓடுகிறதா என்று பாருங்கள்.

பி-ஓ-ஆர்-டி என்ற கொத்தை எடுங்கள். குன்னூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர் போர்ட்டர். தேயிலைப் பெட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பினால் எக்ஸ்போர்ட். லாரி ஆபீஸ் வாசலில் ட்ரான்ஸ்போர்ட். மூன்றிலும் ஒரு சுமை இடம் மாறுகிறது. லத்தீனில் "போர்ட்டாரே" என்றால் சுமப்பது. இப்போது தெரியாததற்குப் போங்கள். போர்ட்டபிள் என்றால் சுமந்து போகக்கூடியது. டிபோர்ட் என்றால் நாட்டை விட்டு அகற்றிக் கொண்டுபோய் விடுவது. சப்போர்ட் என்றால் கீழே நின்று தாங்குவது. ரிப்போர்ட் என்றால் நடந்ததைத் திரும்பச் சுமந்து வந்து சொல்வது. ஸ்போர்ட்டும் இந்த வீட்டுப் பிள்ளைதான். "டிஸ்போர்ட்" என்ற பழைய வார்த்தையின் தலை உதிர்ந்து ஸ்போர்ட் ஆனது. கவலையிலிருந்து மனசை வேறு பக்கம் தூக்கிக்கொண்டு போவது என்று பொருள்.

ஏர்போர்ட் வேறு வீடு. அதிலிருப்பது துறைமுகத்தைக் குறிக்கிற போர்ட். விமானத்துக்கும் ஒரு துறைமுகம், அவ்வளவுதான். ஆப்பர்ச்சூனிட்டிக்குள் இருப்பதும் துறைமுகம்தான். கப்பலைத் துறை நோக்கித் தள்ளும் காற்றைச் சொல்லப் பிறந்த வார்த்தை அது. நல்ல காற்று அடித்தால் சந்தர்ப்பம் வரும் என்பது நமக்கும் தெரிந்த கணக்கு.

முன்னால் ஒட்டியிருப்பதைக் கவாத்து செய்யுங்கள்

கொத்து கிடைத்ததும் அதற்கு முன்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரீ என்றால் திரும்ப, எக்ஸ் என்றால் வெளியே, சப் என்றால் கீழே, ட்ரான்ஸ் என்றால் தாண்டி. இந்த நான்கோடு ஆரம்பியுங்கள். முப்பது முன்னொட்டு போட்ட பட்டியல் கடையில் விற்கிறது. மனப்பாடம் பண்ணிய பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

எஸ்-பி-ஈ-சி-டி இதற்கு நல்ல பயிற்சி. பார்ப்பது என்று அர்த்தம். ஸ்பெக்டக்கிள்ஸ் மூக்குக் கண்ணாடி. இன்ஸ்பெக்டர் உள்ளே புகுந்து பார்க்கிறவர். பேக்டரிக்கு அவர் வந்த நாளெல்லாம் மேஜைக்கு உள்ளேயும்தான் பார்த்தார். சஸ்பெக்ட் கீழிருந்து பார்ப்பது. நம் ஊரில் கீழ்க்கண்ணால் பார்க்கிறான் என்கிறோமே, கிட்டத்தட்ட அது. ரெஸ்பெக்ட் திரும்பிப் பார்ப்பது. ஒருவர் கடந்து போன பிறகும் திரும்பிப் பார்க்கிறோம் என்றால் அவருக்கு ஏதோ மதிப்பு இருக்கிறது. எக்ஸ்பெக்ட் வெளியே பார்ப்பது. கடைசி பஸ்ஸில் வரவேண்டிய ஆளுக்காக வாசலில் நிற்கிறோமே, அந்தப் பார்வை. இதில் மட்டும் ஒரு எஸ் குறைகிறது. எக்ஸ் என்ற எழுத்தின் சத்தத்துக்குள்ளேயே எஸ் இருப்பதால் அது விழுங்கிவிட்டது.

காதை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள்

நாம் எல்லோரும் கேட்டுத்தான் இங்கிலீஷ் படிக்கிறோம், அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. சைன் என்று சொல்லும்போது ஜி என்ற எழுத்து காதில் விழாது. ஆனால் சிக்னல், சிக்னேச்சர் என்னும்போது கணீர் என்று கேட்கும். எஸ்-ஐ-ஜி-என் என்று எழுத்தைப் பார்த்தால் மூன்றும் ஒரே வீடு, அடையாளம். சைன் என்ற வார்த்தையில் தேவையில்லாமல் எதற்கு ஜி என்று திட்டிக்கொண்டே எழுதின பிள்ளைகள் அதற்கப்புறம் தப்பு விடுவதில்லை. வாய் பேசாத எழுத்து குடும்ப அட்டை மாதிரி, சொந்தக்காரர் யார் என்று காட்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டி-டபிள்யூ. டூ என்ற எண்ணை எழுதும்போது நடுவில் ஒரு டபிள்யூ எதற்கு வருகிறது? ட்வின்ஸ் என்றால் இரட்டையர். ட்வைஸ் என்றால் இரண்டு தடவை. ட்வென்ட்டி என்றால் இரண்டு பத்து. ட்வெல்வ் என்றால் பத்தை எண்ணிவிட்டு மிச்சம் இரண்டு, அந்த வார்த்தையின் பழைய வடிவத்தின் பொருளே "இரண்டு மிச்சம்" என்பதுதான். பிட்வீன் என்றால் இரண்டுக்கு நடுவே. ட்விஸ்ட் என்பது இரண்டு இழையை முறுக்குவது. ட்விக் என்பது இரண்டாகப் பிரிகிற குச்சி, தேயிலைச் செடியில் கை விட்டவர்களுக்கு அது எந்த இடம் என்று சொல்ல வேண்டியதில்லை. டூ என்ற வார்த்தையில் டபிள்யூவின் சத்தம் மட்டும் தேய்ந்துபோனது, எழுத்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி "அப்போ ஸ்வீட்?" என்று கேட்டாள். அதில் டி-டபிள்யூ இல்லை, எஸ்-டபிள்யூ. எழுத்தைப் பார் என்றேன்.

பெட்: ஒரு சாயங்காலம் முழுக்க

இந்த ஒரு கொத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உறவும் போலியும் இதில்தான் பக்கத்து பக்கத்து வீட்டில் இருக்கின்றன.

நவம்பர் மாதம், வெளியே மழை, கரண்ட் இல்லை. டெய்லர் வீட்டுப் பையன் தையல் மெஷின் பெடலில் ஆரம்பித்தான். சைக்கிளுக்கும் பெடல். பியூட்டி பார்லரில் காலுக்குச் செய்வது பெடிக்யூர். ரோட்டில் நடந்து போகிறவர் பெடஸ்ட்ரியன். மூன்று கிடைத்துவிட்டது. பி-இ-டி என்றால் கால். சென்ட்டிபீட் நூறு கால் பூரான். இம்பீட் என்றால் தடுப்பது. காலை விலங்கில் மாட்டுவதுதான் அதன் பழைய பொருள். எக்ஸ்பெடைட் அதற்கு நேர் எதிர். மாட்டிய காலை வெளியே எடுத்து விடுவது, அதாவது வேகப்படுத்துவது. ஆபீஸுக்கு மனுப் போட்டவர்கள் அந்த வார்த்தையைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் ஃபைலுக்குக் கால் முளைத்ததா என்பது தனிக் கதை.

"மிஸ், ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்க்கு பெடிக்ரீ இருக்குன்னு சொல்றாங்களே, அதுவும் காலா?" என்று கேட்டான் ஒருவன். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அகராதியை முதலில் பார்த்தேன். கால்தான், கொக்கின் கால். பழைய பிரெஞ்சில் "கொக்குக் கால்" என்ற தொடரிலிருந்து வந்தது. வம்ச மரம் எழுதும்போது அப்பாவிலிருந்து பிள்ளைகளுக்கு மூன்று கோடு பிரித்துப் போடுவோமே, அது கொக்கு மிதித்த தடம் மாதிரி இருக்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். அந்த வார்த்தையை இனி எவரும் மறக்கப் போவதில்லை.

அப்புறம் வந்தது பீடியாட்ரிஷன். குழந்தை டாக்டர். இதற்கும் காலுக்கும் என்ன? ஒன்றுமில்லை. இந்த பெட் கிரேக்க மொழிக்காரர், குழந்தை என்று அர்த்தம். கால் என்கிற பெட் லத்தீன்காரர். நம் ஊர் போர்டுகளைப் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் டாக்டர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் எழுத்துமுறையில் போர்டு வைப்பார்கள். அதில் பி-க்கும் இ-க்கும் நடுவில் ஒரு ஏ இருக்கும். பி-ஏ-இ-டி என்றால் குழந்தை, ஏ இல்லாமல் பி-இ-டி என்றால் கால். அமெரிக்க முறையில் ஏ-யைத் தூக்கிவிட்டதால்தான் இவ்வளவு குழப்பமும்.

இதைச் சொன்னவுடன் ஒரு பெண் எழுந்து, ஊட்டியில் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போன எலும்பு டாக்டர் போர்டில் ஆர்த்தோபீடிக் என்று ஏ போட்டிருந்தது என்றாள். மூட்டு வலிக்குப் போனது பாட்டி. அங்கே குழந்தை எங்கே வந்தது? ஆனால் அது குழந்தைதான். நிக்கோலஸ் ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1741-இல் குழந்தைகளின் உடல் கோணலைச் சரிப்படுத்துவது பற்றிப் புத்தகம் எழுதினார். ஆர்த்தோ என்றால் நேர், பீடி என்றால் குழந்தை. இரண்டையும் சேர்த்துத் தன் கலைக்கு அவரே பெயர் வைத்தார். வளைந்த மரத்தை நேரான கம்போடு கயிற்றால் சுற்றிக் கட்டியிருக்கும் படம் ஒன்று அந்தப் புத்தகத்தில் உண்டு. எலும்பு டாக்டர்கள் இன்றைக்கும் அதைத் தங்கள் சின்னமாக வைத்திருக்கிறார்கள். காய்கறித் தோட்டத்தில் குச்சி ஊன்றிக் கட்டுகிற எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆர்த்தோ என்றவுடன் பேக்டரி வீட்டுப் பிள்ளைகள் ஆர்த்தடாக்ஸ் டீ என்று கத்தினார்கள். சரிதான். ஆர்த்தோ நேர், டாக்ஸா கருத்து. சரியான கொள்கை என்று முதலில் மதத்தில் வந்த வார்த்தை. அப்புறம் பழைய வழக்கம் என்ற பொருளுக்கு இறங்கியது. இலையை வெட்டி நசுக்கிச் சுருட்டுகிற சி.டி.சி. மெஷின் வந்தபோது, பழைய முறையில் உருட்டிச் செய்கிற டீக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது.

கடைசியில் ஒருவன் கார்ப்பெட்டைக் கொண்டு வந்தான். காலில் மிதிக்கிறோம் என்பது அவன் வாதம். கார்ப்பெட்டின் முடிவில் இருப்பது டீ குடிக்கிற டி (T), கால் கொத்தில் இருப்பது டாக்டர் டி (D), போலி என்று தள்ளிவிட்டேன். ஆனால் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அது இன்னும் சுவாரசியம். லத்தீனில் "கார்ப்பெரே" என்றால் பறிப்பது, பிய்ப்பது. கம்பளியோடு சேர்ந்த வார்த்தை. புத்தகத்திலிருந்து ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டால் எக்ஸர்ப்ட் என்கிறோமே, அதுவும் இதே பறிப்புதான். கொழுந்து பறிக்கிற ஊரில் இருந்துகொண்டு இது தெரியாமல் இத்தனை வருஷம் போயிற்று.

ஐ-என் என்ற இரண்டு எழுத்தும் நான் வாங்கிய திட்டும்

சின்னக் கொத்து ஆபத்து. நான்கு எழுத்து ஐந்து எழுத்துக் கொத்தை ஓரளவு நம்பலாம். இரண்டு எழுத்தை நம்பினால் என் கதிதான்.

பேக்டரியில் சேர்ந்த புதிது. விசிபிள் என்றால் தெரிவது, இன்விசிபிள் என்றால் தெரியாதது. கரெக்ட், இன்கரெக்ட். இதைப் படித்து முடித்த பெருமையில் இருந்தேன். மெஷின் கழுவுவதற்கு ஏதோ ஒரு எண்ணெய் டின் வந்திறங்கியது. சிவப்பு எழுத்தில் இன்ஃப்ளேமபிள். எங்கே வைப்பது என்று ஆள் கேட்டார். ஃப்ளேம் என்றால் தீ, இன் என்றால் இல்லை, ஆக இது தீப்பிடிக்காது, எங்கே வேண்டுமானாலும் வையுங்கள் அண்ணா என்றேன். அவர் டிரையருக்குத் தீ போடுகிற விறகு அடுப்புப் பக்கமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டார். பத்து நிமிஷத்தில் மேஸ்திரி பார்த்தார். அவர் போட்ட சத்தம் எடை மேடை வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அந்த இன் "இல்லை" என்கிற இன் கிடையாது. "உள்ளே" என்கிற இன். தீ உள்ளே பிடித்துக்கொள்ளும் என்றுதான் பொருள். இந்தக் குழப்பத்தில் ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துதான் இப்போது பல டின்களில் ஃப்ளேமபிள் என்று மட்டும் போடுகிறார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே. மலைச்சாலையில் முன்னால் போகிற டேங்கர் லாரியின் முதுகில் இரண்டில் எது இருந்தாலும் தள்ளிப் போங்கள்.

இன்வேல்யுவபிள் இன்னொரு வகை. அங்கே இன் "இல்லை"தான், ஆனால் மதிப்பு இல்லை என்று பொருள் இல்லை. மதிப்புப் போட முடியாத அளவு உயர்ந்தது என்று பொருள். என் மாணவி ஒருத்தி, ரிட்டையர் ஆகிற வாத்தியாருக்கு எழுதிய வாழ்த்து மடலில் அந்த வார்த்தையைப் பார்த்துப் பதறிப்போய் முன்னால் இருந்த இன்னை அடித்துவிட்டாள். வாத்தியாருக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சம் குறைந்ததுதான் மிச்சம்.

மலையைச் சுற்றிக் கொத்துத் தேடுங்கள்

நல்ல கொத்துகள் கிடைக்க ஊரை விட்டு எங்கும் போக வேண்டாம். குன்னூர் வீடுகளின் வாசலில் நீலமும் ரோஸுமாகப் பந்து பந்தாகப் பூக்கிறதே, ஹைட்ரேஞ்சியா. எச்-ஒய்-டி-ஆர் என்றால் கிரேக்கத்தில் தண்ணீர், நம் "நீர்" கொத்தின் அண்ணன். அதன் விதைக்கூடு தண்ணீர்ச் சாடி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். ஹைட்ரஜன் தண்ணீரை உண்டாக்குவது. டீஹைட்ரேஷன் உடம்பில் தண்ணீர் வற்றுவது. பைக்காரா மின்நிலையம் தண்ணீரில் ஓடுவதால் ஹைட்ரோ எலக்ட்ரிக். ஹைட்ரோபோபியா என்றால் தண்ணீர் பயம், அதாவது வெறிநாய்க்கடி நோய். தாகத்தில் தவிக்கிற நோயாளியால் தண்ணீரைப் பார்க்கவே முடியாது. அதற்குத் தடுப்பூசி செய்யத்தான் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. பூவுக்கும் ஊசிக்கும் நடுவில் இப்படி ஒரு ஓடை ஓடுகிறது.

தொட்டபெட்டா போகிற வழியில் சிவப்பாகப் பூக்கிற காட்டுப் பூவரசுக்கு இங்கிலீஷில் ரோடோடெண்ட்ரான். ரோடோ ரோஜா, டெண்ட்ரான் மரம். வீட்டுத் தொட்டியில் வைக்கிற பிலோடெண்ட்ரான், மரத்தை விரும்பித் தொற்றி ஏறுவது. பிலாசபிக்குள்ளும் அந்த விருப்பம்தான், அறிவின் மேல். நாம் கற்பூர மரம், தைல மரம் என்கிற யூகலிப்டஸில் ஈ-யூ என்றால் நன்றாக, மீதி மூடியது. அதன் மொட்டைப் பொறுக்கிப் பாருங்கள், தொப்பி போட்ட மாதிரி மூடி இருக்கும். ஆனால் ஈ-யூ இரண்டே எழுத்து என்பதை மறக்க வேண்டாம். யூரோப்பை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

முத்தொரைச் சரிவில் 1970-இல் கட்டிய ரேடியோ டெலஸ்கோப் நிற்கிறது, 530 மீட்டர் நீளம். மலைச் சரிவின் சாய்வும் இந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றாக, ஏறக்குறைய 11 டிகிரியாக, அமைந்ததால்தான் அந்த இடத்தைப் பிடித்தார்கள். டெலி தூரம், ஸ்கோப் பார்ப்பது. டெலிபோன் தூரத்துச் சத்தம். ஸ்டெதஸ்கோப் நெஞ்சைப் பார்ப்பது, காதால்தான் என்றாலும். ஹாரஸ்கோப் நேரத்தைப் பார்ப்பது, அதாவது ஜாதகம். அந்த "ஹோரா" கிரேக்கத்திலிருந்து வடமொழிக்கு வந்து, நம் பஞ்சாங்கத்தில் ஓரையாக இருக்கிறது. சுக்கிர ஓரை பார்த்துப் பால் காய்ச்சுகிற வீட்டில் மாட்டியிருக்கிற கடிகாரத்தின் "ஹவர்" அதே வார்த்தை.

கொத்து சொல்வது பிறந்த ஊரை

இன்னொரு ஜாக்கிரதை. கொத்தின் அர்த்தம் தெரிந்தால் வார்த்தை எங்கே பிறந்தது என்று தெரியும். இப்போது எங்கே குடியிருக்கிறது என்று தெரியாது. மேனுஃபாக்சர் என்றால் கையால் செய்வது. எம்-ஏ-என்-யூ கை, ஃபாக்ட் செய்வது. இன்றைக்கு எந்த பேக்டரியில் கையால் செய்கிறார்கள்? மேனேஜர் முதலில் குதிரையைக் கையில் பிடித்துப் பழக்கியவர். உர மூட்டை மேல் இருக்கிற மெனியூர் கையால் நிலத்தில் வேலை செய்வது என்று கௌரவமாகப் பிறந்து, சாணியில் வந்து முடிந்தது. கேரட் தோட்டத்தில் லோடு இறங்கும்போது அந்த வாசனையில் யாருக்கும் கை ஞாபகம் வராது.

என் அப்பா சிலோனிலிருந்து வந்தவர். 1964 சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பியவர்களில் ஒருவர். அவர் காகிதங்களில் எல்லாம் ரிபேட்ரியேட் என்று அச்சடித்திருக்கும். ரீ என்றால் திரும்ப. பி-ஏ-டி-ஆர் என்றால் அப்பா, அப்பன் பூமி. பேட்ரியாட், பேட்ரன் எல்லாம் அந்த வீடு. இரவில் ரோந்து போகிற பேட்ரல் மட்டும் போலி, அது சேற்றில் மிதித்து நடப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வார்த்தை. இதையெல்லாம் கற்றுக்கொண்ட வேகத்தில் அப்பாவிடம் போய், "உங்க கார்டுல அப்பன் பூமிக்குத் திரும்பினவர்னு போட்டிருக்குப்பா" என்றேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "எங்கப்பன் அங்க லைன் வீட்டுலதான பொறந்தான், அங்கதான பொதச்சோம்" என்றார். அந்தக் காகிதத்தில் அந்த வார்த்தைக்கு இருந்த அர்த்தம் வேறு என்று அவருக்கு விளக்க நான் முயற்சி பண்ணவில்லை.

நோட்டு எப்படிப் போடுவது

நாற்பது பக்க நோட்டு போதும். வலது பக்கம் சொந்தக்காரர்கள், இடது பக்கம் போலிகள். மேலே கொத்தை இங்கிலீஷ் எழுத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரே ஒரு தமிழ் வார்த்தை: சுமை, பார்வை, கால். விளக்கம் எழுதக் கூடாது, படம் வரையலாம். வாரத்துக்கு ஒரு கொத்து. இரண்டு போட்டால் இரண்டும் கலந்துவிடும்.

எந்த வார்த்தையையும் நேராக வலது பக்கம் எழுத விடமாட்டேன். முதலில் பென்சில். பெரிய அகராதிகளில் அர்த்தத்துக்கு முன்னாலோ முடிவிலோ அந்த வார்த்தை எந்த மொழியிலிருந்து வந்தது என்று ஒரு வரி இருக்கும். போனில் தேடுகிறவர்கள் வார்த்தையோடு எட்டிமாலஜி என்று சேர்த்துப் போடுங்கள். அதைப் பார்த்து உறுதியான பிறகு பேனா. அதற்கப்புறம் அந்த வார்த்தை உள்ள வாக்கியம் ஒன்றை எங்காவது பிடித்து வர வேண்டும். செய்தித்தாள், மருந்து அட்டை, பிஸ்கட் கவர் எதுவானாலும் சரி. பரீட்சையில் இதை நம்பி நேராக எழுதிவிடாதீர்கள். வாக்கியத்துக்கு அந்த அர்த்தம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு என் வரிசை: போர்ட், ஸ்பெக்ட், டி-டபிள்யூ, சைன், ஹைட்ர். பெட் ஆறாவது. எழுதுவதைக் குறிக்கிற ஸ்க்ரிப்ட்டையும் சேர்க்கலாம், ப்ரிஸ்கிரிப்ஷன், சப்ஸ்கிரைப், மேனுஸ்கிரிப்ட் என்று அது தானாகவே நிரம்பிவிடும், அதில் மெனக்கெட ஒன்றுமில்லை. மேன், கேட், ஆன்ட் என்று பெரிய வார்த்தைக்குள் சின்ன வார்த்தை தேடுகிற விளையாட்டு மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன்.

சொல்லிவைத்திருந்தேன் என்று இறந்த காலத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. போன மழையில் மண் சரிந்து ரோடு அடைத்தபோது மண் அள்ள ஒரு மஞ்சள் மெஷின் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அதன் உடம்பிலிருந்த எழுத்தைப் பார்த்து வந்து, "மிஸ், கேட்டர்பில்லர்ல பூனை இருக்கு" என்றான். போலி, இடது பக்கம் எழுது என்றேன். அவன் எழுதாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய பிரெஞ்சில் "மயிர் அடர்ந்த பூனை" என்ற பெயரிலிருந்து வந்ததாம் கம்பளிப்பூச்சிக்கு அந்தப் பெயர். நானும் என் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். பூனைதான். என் பென்சில் எழுத்தை நானே அழித்து வலது பக்கம் எழுதிக் கொடுத்தேன். காட்டுமாடு இறங்குகிற நேரம், டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்றால் ஒருத்தரும் நகரவில்லை. கேட்டலாக், கேட்டில், கேட்டகிரி என்று மூன்று வார்த்தையை எழுதி வைத்துக்கொண்டு, எதில் பூனை இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.